இருக்கட்டுங்க

அன்றைக்கு என் தங்கை செவ்வந்தியை ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். கேமரா இன்னும் அணையவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் பேர் எழில். பேருக்கும் வாய்க்கும் சம்பந்தமில்லை என்று பக்கத்து பேக்கரிக்காரர் சொல்வார். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் என் கடைதான். நர்சிங்கா, பாலிடெக்னிக்கா, இன்ஜினியரிங்கா, எதற்கு எங்கே பணம் கிடைக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவளின் கூடப்பிறந்தது தத்துவத்தில் எம்.ஏ. படிக்கிறேன் என்று வந்து நின்றது. அதுவும் ஹைதராபாத்தில். நுழைவுத் தேர்வு எழுதி சீட்டும் வாங்கிவிட்டது.

வங்கியில் போய்க் கேட்டோம். மேனேஜர் தங்கமான மனுஷன், மோரெல்லாம் வாங்கிக் கொடுத்தார். “படிச்சு முடிச்சா என்ன வேலைங்கம்மா கெடைக்கும்?” என்றார். “யோசிக்கிற வேலைங்க” என்றாள் இவள். அவர் கடன் விண்ணப்பத்தை மெல்ல எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்துவிட்டார். வெளியே வந்து நான் திட்டிய திட்டுக்கு அளவில்லை. அவள் பாட்டுக்கு மோர் நல்லாயிருந்தது என்றாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் கடையைச் சாத்திவிட்டு நானே தேடினேன். கடைசியில் சென்னையில் ஓர் அறக்கட்டளை அகப்பட்டது. வரலாறு, தத்துவம், இலக்கியம் படிக்கிறவர்களுக்கென்றே உதவி செய்கிறார்கள். கட்டுரை ஒன்று எழுதி அனுப்பச் சொன்னார்கள். யாரோ ஒருவர் தப்பு செய்யும்போது பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கு ஏன் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். டைப் அடித்தது நான்தான். பாதி புரியவில்லை. ஆனாலும் அடிக்கும்போது எனக்கு நெஞ்சு விம்மியது, பொய் சொல்லக் கூடாது.

நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போனைப் பேப்பர் கட்டின் மேல் சாய்த்து வைத்து அவளை உட்கார வைத்தேன். தாஜுன்னிசா என்கிற பேராசிரியைதான் அங்கே தலைவி. இவளும் சும்மா சொல்லக் கூடாது, கேட்டதற்கெல்லாம் கணீரென்று பதில் சொன்னாள். கடைசியில் அந்தம்மா கேட்டார்: “காலேஜ் ஃபீஸை நாங்க கட்டிடுவோம். தங்குறது, சாப்பாடு, அதுக்கும் மாசாமாசம் உதவி தேவைப்படுமா? இல்ல, வீட்ல சமாளிச்சுப்பாங்களா?”

இந்த மகராசி சிரித்துக்கொண்டே சொன்னாள்: “அதெல்லாம் இருக்கட்டுங்க மேடம். பாத்துக்கலாமுங்க.”

“ரொம்ப நல்லது” என்று அந்தம்மா குறித்துக்கொண்டார். திரை அணைந்தது.

“ஏம் புள்ள, உனக்குக் கூறு இருக்குதா? ஐதராபாத்துல காத்தையா குடிச்சுட்டு இருப்பே?”

“எடுத்த எடுப்புல எப்படிக்கா வேணும்னு சொல்றது? இன்னொருக்கா கேப்பாங்கன்னு இருந்தேன்.” சொல்லும்போதே அவள் முகம் விழுந்துவிட்டது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் அம்மா பாவாத்தாளும் அப்பாவும் தென்னந்தோப்புகளில் கூலிக்குப் போனவர்கள். தோப்புக்காரர் வீட்டில் காபி வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை “இருக்கட்டுங்க” என்போம். இரண்டாவது தடவை “இப்பத்தானுங்க குடிச்சோம்” என்போம். மூன்றாவது தடவைதான் கை நீளும். கேட்டவுடன் வாங்கினால் அலைகிறதுகள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம். எங்கள் பக்கத்தில் கேட்கிறவர்களும் மூன்று தடவை கேட்பார்கள். சென்னையில் இருக்கிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

பயந்தபடியே ஆனது. படிப்புக் கட்டணம் முழுக்கத் தருகிறோம், வாழ்த்துகள் என்று மெயில் வந்தது. சாப்பாட்டுக்கும் தங்கவும் ஒன்றுமில்லை. என் கடையில் வருகிறது வாடகைக்கும் அம்மா அப்பா மருந்துக்கும் சரியாகப் போய்விடும். இருந்தாலும் நான் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். இரண்டு மிஷினில் ஒன்றைத் தள்ளிவிட்டு, சாயங்காலத்தில் வேறெங்காவது கணக்கெழுதப் போனால் ஓட்டிவிடலாம். அவளிடம் சொன்னேன். அவள் பேப்பர் அடுக்கிக்கொண்டே தலையை ஆட்டினாள்.

“வேண்டாங்கக்கா. நான் இங்கியே பி.எட். சேந்துக்கறேன். பரவால்லே.”

“மறுக்கா அந்தம்மாவக் கேளு.”

“குடுத்தவங்களையே போய்க் கேக்கறதா? அம்மா என்ன சொல்லும்?”

“அம்மாவை நான் பாத்துக்கறேன். போனை எடு.”

எடுக்கவில்லை. நானே நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவள் கையில் திணித்தேன். ரிங் போகும்போது அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு நிமிஷம் கட் பண்ணிவிடலாமா என்றிருந்தது. அதற்குள் அந்தம்மா எடுத்துவிட்டார்.

“மேடம், செவ்வந்திங்க. பொள்ளாச்சிங்க.” “அன்னிக்கு இருக்கட்டுங்கன்னு சொல்லிப்போட்டேனுங்க. அது வேண்டாம்னு அர்த்தமில்லீங்க. எங்கூர்ல மொதத் தடவை கேட்டா அப்படித்தானுங்க சொல்லுவோம். நீங்க மறுபடி கேப்பீங்கன்னு இருந்துட்டேனுங்க.”

அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “அடடா, அப்படியா? சரி, இப்ப ரெண்டாவது தடவை கேக்குறேன். மாசாமாசம் உதவி வேணுமா?”

இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து அழுத்தினேன். “வேணுமுங்க” என்றாள்.

“கமிட்டியில நான் பேசுறேன். ஒண்ணு மட்டும் கேப்பாங்கம்மா. வீட்ல சம்பாதிக்கிற அக்கா இருக்காங்கன்னு எழுதியிருக்கியே. அவங்களால முடியாதா?”

“முடியுமுங்க” என்றாள் செவ்வந்தி. இந்த லூசு மறுபடியும் காரியத்தைக் கெடுத்துவிட்டது என்று போனைப் பிடுங்கப் போனேன். அவள் தட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள்.

“எங்கக்கா எப்பிடியாவது குடுத்துரும்ங்க. கேக்கவே வேண்டியதில்லீங்க. அதனாலதானுங்க உங்களக் கேக்கறேன். எங்கக்கா பி.ஏ. தமிழ் படிச்சுட்டு இருந்துச்சுங்க. நல்லாப் படிக்கும். ஊட்டுல ரெண்டு பேத்தைப் படிக்க வெக்க முடியாதுன்னு தெரிஞ்சதும், எனக்குப் படிப்பே ஏறலேன்னு பொய் சொல்லிப்போட்டு நின்னுருச்சுங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்குதுங்க. இதுக்கு மேல விட்டுக் குடுக்கறதுக்கு அதுகிட்ட ஒண்ணுமில்லீங்க மேடம்.”

“நான் எழுதிக்கிட்டேன்” என்றார் அந்தம்மா. குரல் மாறியிருந்தது. “நீ ஹைதராபாத்துக்குக் கிளம்புற வேலையப் பாரும்மா.”

நான் மிஷின் பக்கம் திரும்பி, நன்றாக இருந்த பேப்பர் டிரேயை வெளியே இழுத்து மறுபடி உள்ளே தள்ளினேன். வாசலில் ஒரு பெரியவர் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க அம்மணி, ரெண்டு பக்கமும் எடுக்கோணுமுங்க.”

“சித்த நேரம் இருங்க” என்று கத்தினேன். “அழுதுட்டு இருக்கறது தெரியலீங்களா?”