மூன்று நிமிடம் முந்திய பெட்டி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதனால்தான் அன்று மீட்டிங் ரூமில் என்னைக் கடைசி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பம்பாய்க்குப் பக்கத்தில், அம்பர்நாத்தில் உள்ள எங்கள் கெமிக்கல் கம்பெனியில் மரியஅந்தோணி அண்ணாச்சியின் வேலை போகப் போகிறது. இன்ஜினியரான நான் அதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமாம்.

நடந்தது இதுதான். ரியாக்டரில் சரக்கு கொதித்துக்கொண்டிருந்தபோது கன்ட்ரோல் ரூமில் அண்ணாச்சி மட்டும் இருந்தார். கூட வேலை பார்க்கும் கேஷவ் டீ வாங்கப் போயிருந்தான். சூடு எகிறி அலாரம் அடித்தது, உடனே சிவப்பு பட்டனை அமுக்கி எல்லாவற்றையும் நிறுத்தினேன் என்கிறார் அண்ணாச்சி. கம்ப்யூட்டர் வேறு கதை சொல்கிறது. முதலில் பட்டன்; ஏறக்குறைய மூன்று நிமிடம் கழித்துத்தான் அலாரம். அதாவது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததை இவர் நிறுத்தினார், உள்ளே கலக்குவது நின்றது, அதனால் சூடு ஏறி சரக்கு முழுக்கப் பாழானது என்று கம்பெனி சொன்னது.

"மெஷின் பொய் சொல்லுமா, மரியஅந்தோணி?" என்றார் மேனேஜர் ஜெயராம். மாட்டுங்காக்காரர், குரலை உயர்த்தாத மனுஷர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அண்ணாச்சிக்கும் எங்களுக்கும் தாராவியில் அடுத்தடுத்த சந்து. முந்தைய நாள் லோக்கல் ரயிலில் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "எம்மா ரீனா, ஒருவேள நாந்தான் முதல்ல அமுக்கிட்டனோ? அலாரம் அடிச்சது எங் காதுக்கு மட்டுந்தான் கேட்டுச்சோ? வயசாவுதுல்லா."

வேலை போனால்கூட இந்த ஆள் எப்படியும் பிழைத்துக்கொள்வார். தன் காதையே நம்பாமல் போனால் என்ன ஆவார்?

"சும்மா இருங்க அண்ணாச்சி. உங்க காது நல்லாத்தான் இருக்கு. அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குத்தான் கோளாறு" என்றேன். கோபத்தில் சொன்னதுதான், கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை.

மறுநாள் மீட்டிங்குக்கு முன்னால் உட்கார்ந்து தேடினேன். எங்கள் ரியாக்டரை இரண்டு பெட்டிகள் கவனிக்கின்றன. ஒன்று ஓட்டும் பெட்டி. யாராவது பட்டனைத் தொட்டால் அது பதிந்துகொள்ளும். இன்னொன்று காவல் பெட்டி. சூடு மிஞ்சினால் அலாரம் அடித்து, அதைத் தானே பதிந்துகொள்ளும். இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். பெரிய கம்பெனிகளில் இந்தப் பெட்டிகள் எல்லாம் வானத்தில் சுற்றும் சாட்டிலைட்டிடம் நேரம் கேட்டுக்கொண்டு ஒன்றாக ஓடும். எங்கள் கம்பெனியில் கையால்தான் வைக்க வேண்டும். கம்ப்யூட்டரோ இரண்டும் சொல்வதை வாங்கி நேரப்படி அடுக்கிவிடும், உண்மையா பொய்யா என்று கேட்காது.

இரண்டு பெட்டியும் சேர்ந்து பார்த்த ஒன்று கிடைத்தால் போதும். கிடைத்தது. சரக்கு பாழான அன்று காலையில் கரண்ட் கண் இமைக்கும் நேரம் போய் வந்திருந்தது. கரண்ட் போனால் ஒரே பிளான்ட்டில் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் போகும். ஆனால் காவல் பெட்டி அதை ஓட்டும் பெட்டியைவிட மூன்று நிமிடம் பிந்திப் பதிந்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எல்லா விளக்கும் சேர்ந்து சிமிட்டிய அந்த ஒரே கணம், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பெட்டிக்குள் இரண்டு வேறு நேரமாக உட்கார்ந்திருந்தது!

மீட்டிங்கில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. கரண்ட் விஷயத்தை எல்லாருக்கும் திரையில் போட்டுக் காட்டினேன். "சார், காவல் பெட்டியோட கடிகாரம் மூணு நிமிஷம் ஃபாஸ்ட். அலாரம் அது காட்டுற நேரத்துக்கு முன்னாடியே அடிச்சிருக்கு."

ஜெயராம் நெற்றியைச் சுருக்கினார். "தானா அவ்வளவு ஃபாஸ்ட் ஆகாதே. மழைக்கு முன்னாடி பேட்டரி மாத்தினோமே, அப்போ டைம் வெச்சது யாரு?"

அண்ணாச்சி எழுந்து நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"நாந்தான் சார். பேட்டரிய மாத்திட்டு எலக்ட்ரீஷியன் மெஹராஜ் என்னய டைம் வைக்கச் சொன்னாம். வீட்டுல வைக்கிற மாதிரியே மூணு நிமிசம் கூட்டி வச்சேன். அந்தப் பெட்டி வாசல் பக்கம்லா இருக்கு? டூட்டி முடிஞ்சு போறவன் அதத்தான் பாத்துட்டு ஓடுவான். லோக்கல விட்டுரக் கூடாதுல்லா."

சொந்த விரலே கண்ணைக் குத்திய கதை. காவல் பெட்டியில் கைவைத்தேன் என்று இப்படி வாயாலேயே ஒத்துக்கொண்டால் அதற்கே வேலையைவிட்டுத் தூக்கலாம். ஆனால் பம்பாயில் எந்த வீட்டுச் சுவர்க் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறது?

ஜெயராம் தன் கைக்கடிகாரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்காத்து ஹால்ல இருக்கறது பத்து நிமிஷம் ஃபாஸ்ட்" என்றார் மெதுவாக. பிறகு என்னிடம், "கழிச்சுப் போடுங்கோ, ரீனா. கரெக்டா எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவும்."

கழித்துப் போட்டேன். திரையில் வரிகள் இடம் மாறின. அலாரம் மேலே ஏறியது. அதற்கு நேர் கீழே, ஒட்டினாற்போல், அண்ணாச்சியின் பட்டன். இரண்டுக்கும் நடுவே ஒரு நொடியும் கொஞ்சமும்.

கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த ஒரு நொடிச் சொச்சத்துக்குள் ஒரு மனுஷர் சத்தத்தைக் கேட்டு, என்ன சத்தம் என்று புரிந்து, நாற்காலியைவிட்டு எழுந்து, சரியான பட்டனில் கைவைத்திருக்கிறார். பக்கத்தில் சூடு ஏறிய கோடு செங்குத்தாக நின்றது. பட்டனை அமுக்கிச் சூடேற்றுவதை நிறுத்த இவர் கொஞ்சம் தயங்கியிருந்தால் ரியாக்டர் வெடித்திருக்கும். கேஷவ் டீயோடு திரும்பி நடந்து வந்தது அதற்குக் கீழே உள்ள வழியில்தான். ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கேஷவ் அதைக் கணக்குப் போட்டுவிட்டான் போல. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

ஜெயராம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் எழுந்ததும் எல்லாரும் எழுந்தோம். ஓர் ஆபரேட்டருக்காக அந்த ரூம் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

அண்ணாச்சிக்கு ஏன் நிற்கிறோம் என்று புரியவில்லை. திரையில் இருந்த இங்கிலீஷ் வரிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எது முதல்ல, ரீனா?"

"அலாரம் அண்ணாச்சி. அதுக்கு அப்புறந்தான் நீங்க."

அவர் கை மெதுவாகக் காதுக்குப் போனது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்பம் எனக்குக் கேட்டிருக்கு" என்றார்.