தையல்கடை முனை கிராசிங்

மைக்கை யார் கையிலும் கொடுத்துவிடக் கூடாது. இலகு ரயில் அலுவலகத்தில் சேர்ந்ததும் அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். பேசுகிறவரின் வாய்க்கு எதிரே நாம்தான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். போதும் என்று தோன்றினால் மெல்ல நம் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். கையில் கொடுத்தால் போச்சு, திரும்பி வராது. வாசலில் ‘மக்கள் கருத்துக் கேட்பு’ என்று பேனர் கட்டுகிற அந்த அலுவலகத்தில், இந்த ஒரு வேலையை மட்டும் எல்லோரும் மிகுந்த அக்கறையோடு செய்தார்கள்.

இந்த முறை கூட்டம் அவள் வளர்ந்த பகுதியிலேயே, பள்ளிக்கூட மண்டபத்தில். வரைபடத்தில் புதிய ரயில் பச்சைக் கோடாகப் பெரிய சாலையின் நடுவே ஓடியது. இரண்டு பக்கமும் வேலி. சாலையைக் கடக்க ஒரு வழி பஸ் டிப்போ அருகே, இன்னொன்று அதைவிடத் தொலைவில், பாலத்தடியில். தையல்கடை முனையில் இப்போதிருக்கும் கிராசிங் மூடப்படும்.

அந்தத் தையல்கடை அவளுடைய சித்தியுடையது. வீடு சாலைக்கு இந்தப் பக்கம், கடை அந்தப் பக்கம். பக்கவாதம் வந்ததிலிருந்து சித்தப்பாவைத் தனியே விட முடியாது. தினமும் சித்தி அவரைக் கைத்தாங்கலாகச் சாலை தாண்டி அழைத்துப்போய்க் கடையில் உட்காரவைப்பாள். அவர் இடது கையால் பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்துப் போடுவார். டிப்போ வரை நடக்க அவரால் ஆகாது. கிராசிங் போனால் சித்தி கடையை மூட வேண்டும், இல்லையென்றால் அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும்.

முந்தின நாள் அவளே சித்திக்குப் பயிற்சி கொடுத்தாள்.

“கதை சொல்லக் கூடாது சித்தி. கத்தக் கூடாது. ஒரே கேள்வி. ‘எங்க முனையில இருக்கற கிராசிங்கை மூடாம விட முடியுமா?’ அவ்வளவுதான்.”

“இந்த ஒரு வரிக்கா மண்டபம், நாற்காலி எல்லாம்? உங்க ஆபீஸ்ல நீயே கேட்டுட்டு வரக் கூடாதா?”

“நான் அங்க வேலை செய்யறவ. சொந்தக்காரங்கன்னு தெரிஞ்சா தப்பா நினைப்பாங்க.”

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

“சரி, உன்னைத் தெரியாத மாதிரி நடிக்கணும், அதானே? உங்க சித்தப்பாவோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு நடிக்கவா தெரியாது?”

சித்தப்பா சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது, ஆனால் அந்தப் பாதி போதுமானதாக இருந்தது.

அன்று ஒரு மணி நேரத்துக்கு மட்டும் சித்தப்பாவைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். மண்டபத்தில் சித்தியின் முறை வந்தபோது அவள் மைக்கை நீட்டினாள். மைக் என்று ஒன்று இருப்பதையே மதிக்காத குரலில் சித்தி ஆரம்பித்தாள்.

“எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் ஒரு கல்யாண மாப்பிள்ளை கோட்டு போட்டுப் பார்க்க வந்தாரு. ஒரு கைதான் தைச்சிருக்கேன். அதைப் போட்டுக்கிட்டு நிக்கறாரு, எதிர்ப்பக்கம் அவரோட பஸ் வந்துருச்சு. மனுஷன் ஒத்தைக் கை கோட்டோட ஓடறாரு! நான் ஊசியும் கையுமா பின்னாடியே...”

மண்டபம் சிரித்தது. மேடையில் இருந்த தலைமைப் பொறியாளர் சிரிக்கவில்லை, பேனாவை மூடினார். வரைபடத்தில் ஒட்ட வண்ணப் பொட்டுகள் விநியோகிப்பதால் ‘ஸ்டிக்கர்’ என்று பெயர் வாங்கிய சக ஊழியன் அவள் காதருகே குனிந்தான்.

“இன்னைக்குப் பொழுதுபோக்கு வந்தாச்சு.”

சித்தியின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்றிவைக்க மறந்திருந்தாள். தோளில் நூல் துணுக்குகள். மைக்கைப் பிடித்து நின்றவளின் கற்பனையில் அந்தப் புதிய ரயில் எப்போதும் மழை விட்ட பிறகுதான் வரும், ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சத்தோடு, ஓசையே இல்லாமல். கழுத்தில் அளவு நாடாவோடு யாரும் அதில் ஏறியதில்லை.

மைக் பிடித்த கை தானாகவே பின்னால் வந்தது.

“நன்றிம்மா. அடுத்தவங்க பேசலாம்.”

சித்தி உடனே கவனிக்கவில்லை. அவள் வாய் மாப்பிள்ளையின் பின்னால் இன்னும் கொஞ்ச தூரம் ஓடியது. பிறகுதான் மைக் இல்லாததைப் பார்த்தாள். மைக் போன இடத்தைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

“சரிங்க மேடம்” என்று உட்கார்ந்தாள்.

அம்மா இறந்தபின் அவளை வளர்த்தவள் சித்தி. ‘அம்மான்னு கூப்பிடாதே, அது எங்கக்காவோட இடம்’ என்று சிறு வயதிலேயே சொல்லிவிட்டாள். இன்றைக்கு ‘நன்றிம்மா’ என்று, முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிடுகிற அம்மாவை அவளுக்குக் கொடுத்தாயிற்று.

கடைசியில் பொறியாளர் எழுந்தார். “தையல்கடை முனை கிராசிங்கை மூடறது பத்தி யாருக்காவது ஆட்சேபம் உண்டா? யாரும் கேட்ட மாதிரி தெரியலையே.”

மைக் அவள் கையில்தான் இருந்தது. சித்தி குனிந்து அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நாலு எட்டு வைத்தால் போதும். அவள் வைக்கவில்லை.

கூட்டம் கலைந்து, பொறியாளர் காரை நோக்கி நடந்தபோதுதான் அவளுக்குக் கால் வந்தது. பின்னாலேயே ஓடினாள்.

“சார், அந்தத் தையல்கடைக்காரங்க... என் சித்தி. கிராசிங்கை மூட வேணாம்னு கேக்கத்தான் வந்தாங்க. சித்தப்பாவால நடக்க முடியாது.”

“உங்க சித்தியா? முதல்லயே சொல்றதில்லையா? எவ்வளவு நேரம் வேணாலும் பேச விட்டிருப்பமே!” அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “அந்த இடத்துல ஒரு கேட் வைக்கலாம். பெரிய விஷயமில்லை. நான் பார்த்துக்கறேன், விடுங்க.”

அவ்வளவு சுலபம். வந்த காரியம் பலித்துவிட்டது, ஆனால் அவளுக்கு முகம் எரிந்தது. சற்று முன்னால் ஒரு பழக்கடைக்காரரிடமிருந்தும் இதே மாதிரிதான் மைக்கை இழுத்திருந்தாள். அவருக்கு இந்த அலுவலகத்தில் அக்கா மகள் யாரும் இல்லை.

வீட்டுக்குப் போனபோது சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் வார்த்தைகளைத் தேடிப் பிடித்துக் கேட்டார்.

“உங்க சித்தி... நல்லா... பேசினாளா? கேட்டா, வாயைத் திறக்க மாட்டேங்கறா.”

“நல்லா பேசினாங்க சித்தப்பா. கேட் வைக்கிறாங்களாம். கிராசிங் அப்படியே இருக்கும். சித்தி கேட்டதாலதான்.”

சித்தப்பாவின் பாதி முகம் ஒளிர்ந்து சித்தியின் பக்கம் திரும்பியது. சித்தி ஏதோ சொல்ல வந்தவள், அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

“ஆமா, பின்ன? நான் கேட்டுக் கொடுக்காம இருப்பாங்களா?”

பிறகு அடுப்படிக்குப் போனாள். அவளும் பின்னாலேயே போனாள். சித்தி திரும்பாமல், தணிந்த குரலில் கேட்டாள்.

“நான் எங்கடி கேட்டேன்?”

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். அது நிஜமான கேள்வியாக இருந்தது. சித்தி பதிலுக்காகக் காத்திருந்தாள். இவள் தண்ணீர்க் குழாயைத் திறந்து, சுத்தமாகவே இருந்த ஒரு டம்ளரைக் கழுவ ஆரம்பித்தாள்.

முன்னறையில் சித்தப்பா பக்கத்து வீட்டுக்காரரை ஜன்னல் வழியே கூப்பிட்டு, குழறிக் குழறிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“என் பொண்டாட்டி... கேட்டா. உடனே... கொடுத்துட்டாங்க.”