தென்மூலைக் கிணறு

அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் செண்பகம் மூன்றாவது வாளித் தண்ணீரை ஊற்றித் தள்ளிக்கொண்டிருந்தபோது, வாசலில் கரீமுல்லா நீளமான காகிதச் சுருளோடு வந்து நின்றார். மயிலாப்பூரில் அச்சுக்கூடம் வைத்திருப்பவர். அப்பா அய்யாதுரையைக் கண்ணம்மாபேட்டைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"காலையிலதாம்மா சேதி வந்துச்சு. கலரெல்லாம் முன்னயே ஏறிடுச்சு, கறுப்பு மட்டும் பாக்கி. ஒரே மூச்சுல முடிச்சிட்டேன். எத்தினி தபா வந்து நின்னாரு, இன்னா பாய் ஆச்சா, இன்னா பாய் ஆச்சான்னு!"

தி.நகரில் முப்பது வருஷம் ஜவுளி விற்ற அப்பாவுக்குக் கடைசி மூன்று வருஷமும் ஒரே பித்து. சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கும் தன் நாலு ஏக்கரைச் சுவரில் மாட்டும் படமாக அச்சடிக்க வேண்டும். சர்வேயரைப் பிடித்தார், நம்பாமல் தானும் நடந்து அளந்தார், வரப்பு வரப்பாக வரைந்தார். வர்ணம் தீட்டியது செண்பகம். "கண்ணால பாத்துட்டாம்னா உங்க அண்ணன் விக்க மாட்டான்" என்பார். இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஜவஹர் அந்த ஊர் பஸ்ஸில்கூட ஏறியதில்லை. உங்களுக்கப்புறம் விற்றுவிடுவேன் என்று அப்பா முகத்துக்கு நேரே சொன்னவன். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

சுருளைப் பிரித்தாள். பச்சையும் மஞ்சளுமாக நிலம் விரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்புறம்தான் கவனித்தாள், நாலு பக்கமும் விரல் கனத்துக்குக் கறுப்புக் கட்டம்.

"வெறுமனே அடிக்க மனசு வர்லம்மா. மரியாதைக்குக் கட்னேன். கெணறு ஓரத்துல கீது, அது மேல மை பூச கை வர்ல. அங்க மட்டும் வுட்டுட்டேன்."

சுடுகாட்டிலிருந்து ஜவஹரும் மற்ற ஆண்களும் ஈரத்தலையோடு திரும்பினார்கள். மாணிக்கவாசகம் மாமா படத்தைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏளா, கறுப்புக் கட்டுன காயிதத்த வீட்டுக்குள்ள வைக்கலாமா? கருமாதிக் கடுதாசியப் படிச்சதும் கிழிச்சுத்தான போடுதோம்? கிழிச்சு வெளிய போடு."

கரீமுல்லாவின் முகம் செத்துவிட்டது. கருமாதிக் கடிதம் ஆயிரக்கணக்கில் அடித்தவர்தான். அது போய்ச்சேரும் வீட்டில் என்ன ஆகும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? "அடுத்த வேலைக்கோசரம் அந்த அச்ச அழிச்சிட்டனேம்மா. இது ஒண்ணுதான் கீது."

"நான் கிழிக்க மாட்டேன், மாமா." செண்பகம் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஜவஹர் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"குடு செண்பகம். கிழிக்க மாட்டேன்."

மேஜையில் விரித்து, கடைக் கத்தரியை எடுத்தான். அளவுகோல் இல்லை, கோடு இல்லை. மூன்று பக்கமும் கறுப்பு நேராக உதிர்ந்தது. நாலாவது பக்கத்தில் கை நின்றது.

"இது என்ன வட்டமா?"

"கெணறு."

"நேரா வெட்டுனா போயிரும்" என்றான்.

அவள் கத்தரியையே பார்த்தாள். ஒரு நூல் கோணினாலும் துணியைத் திருப்பி அனுப்புகிறவன் அவன்.

"தண்ணி இருக்கா இதுல?"

"சித்திரையிலயும் அப்பா அதுலதான் குளிப்பாங்க."

கத்தரி மெல்லத் திரும்பியது. கிணற்றைச் சுற்றி வளைந்து, மறுபடி நேர்கோட்டுக்கு வந்தது. மாமா குனிந்து கறுப்புத் துண்டுகளைப் பொறுக்கி, தெருவில் கொண்டுபோய்ப் போட்டார். கரீமுல்லா சுவரில் ஆணி தேடிப் படத்தை மாட்டினார்.

"பதினாறு முடியட்டும்" என்றான் ஜவஹர், படத்தைப் பார்த்தபடி. "அந்த பஸ்ஸு எங்கேருந்து கெளம்புது?"

மூன்று பக்கமும் நூல் பிடித்தாற்போல் இருந்த படம், கீழே மட்டும் கிணற்றளவு பிதுங்கியிருந்தது. மின்விசிறியின் காற்றில் அந்தத் துண்டு ஆடிக்கொண்டே இருந்தது.