மதுஷாவின் விரல்கள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மதுஷாவின் வலது கையைக் காட்டி, "இது வெறும் துடிப்பு, முள்ளந்தண்டிலிருந்து வருகிறது" என்று டொக்டர் சொன்னபோது எரிந்து விழுந்தேன். அபாகஸைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?

செட்டிபாளையத்தில் சனிக்கிழமைகளில் நான் பிள்ளைகளுக்கு அபாகஸ் சொல்லிக்கொடுக்கிறேன். மதுஷாவைச் சேர்க்க வந்த அன்றே அவளுடைய அம்மா ஜூலி, "போனில கல்குலேட்டர் கிடக்கே ரீச்சர், இந்த மணியெல்லாம் என்னத்துக்கு?" என்று கேட்டாள். சீனத்துக் கடைக்காரர்கள் காலங்காலமாகக் கணக்குப் பார்த்தது இதில்தான், யப்பானில் இன்றும் பிள்ளைகள் பழகுகிறார்கள் என்றேன். அவள் நம்பவில்லை. ஒரு வருடத்தில் மதுஷா மணிச்சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு, வெறுங்காற்றில் விரலாட்டி விடை சொன்னாள். அதன் பிறகு மகளின் பெருமை பேசும் ஜூலியின் வாயை யாராலும் மூட முடியவில்லை.

போன வாரம் மதுஷா போன தோணி வாவியில் கவிழ்ந்தது. பிள்ளையின் மூளை இறந்துவிட்டது, மூச்சு மெஷினைக் கழற்றவேண்டும் என்றார்கள். ஜூலி சம்மதிக்கவில்லை. என்னை அழைத்தாள்.

"பாருங்க ரீச்சர், என்ட புள்ள கணக்குப் போடுறாள். இவங்களுக்கு அது விளங்காது. நீங்க சொல்லுங்க."

நான் மதுஷாவின் காதருகே குனிந்து, வகுப்பில் சொல்வதைப் போலவே சொன்னேன்.

"மூன்று. கூட்டு ஆறு. கழி இரண்டு."

சுட்டுவிரல் இழுத்தது, விட்டது. நான் சொல்லும்போதும் இழுத்தது, சொல்லாதபோதும் இழுத்தது. பெருவிரல் அசையவே இல்லை. கீழ்மணியை மேலே தள்ளுவது பெருவிரல்தான். அது தள்ளாமல் ஒன்று என்ற எண்கூட வராது. டொக்டர் மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தக் கோபமாவது மிஞ்சியிருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"என்ன விடை ரீச்சர்?"

"இது கணக்கில்ல, ஜூலி."

"களைச்சுப்போய்க் கிடக்கிறாள். சின்னக் கணக்காச் சொல்லுங்க. ஒண்டு போடச் சொல்லுங்க."

"ஒன்று" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இருவரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஜூலி மகளின் பெருவிரலைப் பிடித்து மெல்ல மேலே தள்ளிவிட்டுக் கையை எடுத்தாள். விரல் விழுந்தது. மறுபடியும் தள்ளினாள். மறுபடியும் விழுந்தது.

துடித்துக்கொண்டிருந்த அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்து மூடினாள்.

"டொக்டரக் கூப்பிடுங்க ரீச்சர்" என்றாள்.