பாறைமேல் காய்ந்த கடற்புல்

1

வாசகர்களே! இந்தக் கதை ஒரு குற்றப்பத்திரிகையாகப் பிறந்தது. மேடைப் பேச்சாளனான நான், அறியாமையைச் சாடித் துண்டறிக்கை எழுத ஜவ்வாது மலையில் ஒரு தாயைத் தேர்ந்தெடுத்தேன்: செல்லியம்மாள். மகள் அன்பரசி, கடலோரக் கல்லூரியொன்றில் வேதியியல் முதுகலை மாணவி.

முதல் தொடக்கம்: "மலையே, உன்னைச் சூழ்ந்த இருளை…"

(நிறுத்தினேன். அன்று மலையில் சுள்ளென்ற வெயில். அந்த வெயில்தான் சிக்கலே.)

2

கரையொதுங்கிய கடற்புல்லை அன்பரசி ஒரு சாக்கில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். விடுதியின் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். மலைக்காற்றில், நிழலில், பதமாகக் காயும். அதிலுள்ள பீனால் சேர்மங்களைப் பிரித்துத் திங்களன்று காட்டினால்தான் இந்த ஆண்டு பட்டம்.

[சில கடற்புற்களில் உள்ள சோஸ்டெரிக் அமிலம் என்ற பீனால் சேர்மம் கிருமிகளைக் கொல்வதில்லை, ஒட்டவிடாமல் தடுக்கிறதாம். கப்பலின் அடிப்பூச்சுக்கு உதவலாம் என்கிறார்கள். அரசியல் மேடைகளுக்கும் ஒரு பூச்சு பூசலாமே என்று… வேண்டாம், அது வேறு கதை.]

அன்பரசி ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போய்வருவதற்குள், சாமை காயவைக்கும் பாறையில் செல்லியம்மாள் சாக்கைக் கவிழ்த்துவிட்டார். கடும் வெயில் அந்தச் சேர்மங்களைச் சிதைக்கக்கூடும். வீட்டினுள் அன்பரசி முறத்தில் பரப்பியிருந்த ஒரு பிடி மட்டுமே மிஞ்சியது.

3

இங்கே ஒரு பக்கம் முழங்கியிருந்தேன். அடித்துவிட்டேன், அவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

"நெழல்லதான் காயணும்னு சொன்னேன்லமா!"

"சாமையே அங்கதான் காயுது. உன் புல்லு இன்னா மகாராணியா?"

"வெயில் பட்டா உள்ள இருக்கிற சத்து கெட்டுப்பூடும்மா!"

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி? வெயில்ல போடாதன்னே. ஏன்னு சொன்னியா?"

அன்பரசி பாறைப் புல்லைச் சாக்கில் வாரத் தொடங்கினாள். நான் குற்றப்பத்திரிகையை மடித்து வைத்தேன். காரணம் சொல்லாத கட்டளைகளை எதிர்த்தே மேடையேறியவன் நான்; என் கதாநாயகியே அப்படியொரு கட்டளை இட்டிருக்கிறாள்! கூண்டில் நிற்கும் ஆளை மாற்ற வேண்டியதாயிற்று.

"கெட்டுப்போச்சின்னு நீ கண்டியா?" என்றார் தாய். "காட்டு. நானும் வர்றேன்."

4

ஜமுனாமரத்தூரில் அன்பரசி முன்பு படித்த பள்ளியின் ஆய்வுக்கூடம். இரண்டு கண்ணாடிக் குழாய்கள்: ஒன்றில் முறத்துப் புல்லின் சாறு, மற்றதில் பாறைப் புல்லின் சாறு. ஃபெரிக் குளோரைடு சொட்டினால், பீனால் இருக்கும் சாறில் கரும்பச்சை வரவேண்டும். வெளிறினால் பட்டம் போயிற்று.

முதல் குழாய், முறத்துப் புல், கரும்பச்சையானது.

"ஐயே, முருங்கக்கீர கணக்கா!" என்றார் செல்லியம்மாள்.

முடிவு ஒன்று: இரண்டாவது வெளிறுகிறது, தாய் கண்ணீர் விடுகிறார். (துண்டறிக்கை நெடி. கிழித்தேன்.)

முடிவு இரண்டு: அதே பச்சை, வீடு திரும்பும் பேருந்து முழுக்கக் கேட்க மகளைக் கிண்டலடிக்கிறார். (எனக்குப் பிடிக்கிறது. பிடித்திருப்பது சான்றாகாது.)

"குடுடி, நானே வுடறேன்," என்று செல்லியம்மாள் மருந்தை வாங்கினார். "எல்லாரும் பாத்துக்கோங்க. அப்பறம் பேசக் கூடாது."

சொட்டு விழுந்துவிட்டது. முடிவுரை ஆற்றாமல் நான் இறங்கும் முதல் மேடை இது. குழாய் உங்கள் முகத்துக்கு நேரே இருக்கிறது, நிறத்தைச் சொல்லுங்கள். ஏன் என்றும் சொல்லுங்கள். அந்த அம்மாள் கேட்பார்.