கரண்டியில் பிடித்த சர்க்கரை

1

இந்தக் கதை செங்கல்பட்டு மாட்டாஸ்பத்திரி பெஞ்சில் எனக்குக் கிடைத்தது. பூனையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னது பாதி. மீதி நான் அடித்துவிடுவது.

‘கல்பாக்கம் கடலில் அன்று அலைகள்...’ (வேண்டாம். அலை எதற்கு? மூத்திரத்தில் ஆரம்பிக்கிறேன்.)

2

தொண்ணூற்றேழாம் வருஷம். கல்பாக்கம் டவுன்ஷிப். லக்ஷ்மிநாராயணன் ரிட்டயரானவர், சர்க்கரைக்காரர். மனைவி வச்சலா கெமிஸ்ட்ரி டீச்சர். தினமும் காலையில் அவர் மூத்திரத்தில் மருந்து சேர்த்துக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சிப் பார்ப்பாள். நீலமாகவே இருந்தால் நல்லது. செங்கல் நிறமானால் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது.

தினமும் நீலம்தான். ஏனென்றால் அது அவர்கள் வீட்டு நாய் மேஜருடையது! மனுஷன் விடிந்ததும் கரண்டியும் கையுமாய் அதன் பின்னால் ஓடிப் பிடித்துவருவார். சாயங்காலம் தனகோடி கடை அல்வா.

“இன்னா சார், இன்னொரு நூறு வெக்கவா? வூட்ல அம்மா ஒண்ணியும் சொல்லாதா?”

“அவளைப் பொறுத்தவரைக்கும் நான் நார்மல்ப்பா.”

3

ஏகாதசியன்று அவர் நிஜமாகவே பட்டினி. மறுநாள் காலையில் குழாய் செங்கல் நிறம்.

“என்னத்தைத் தின்னு தொலைச்சீங்க?” என்றாள் வச்சலா.

வாசலில் மேஜர் வாளித் தண்ணீரைக் காலிசெய்துகொண்டிருந்தது. விலா எலும்பு தெரிந்தது. அவர் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார்.

(இங்கே அவரை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்த்தேன்: ‘வச்சலா, அது என்னோடது இல்ல’ என்று அவர்... ம்ஹூம். “நாய் இளைச்சுப்போச்சு” என்று மட்டும் சொல்லி மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். என்னைவிடக் கெட்டிக்காரர்.)

“நாய்க்கும் சர்க்கரை வரும் சார்,” என்றார் டாக்டர் திருநாவுக்கரசு. “ரெண்டு வேளையும் அளவாச் சோறு, அப்புறம் ஊசி. சாப்பிடலைன்னா ஊசியப் போட்டுடாதீங்க, என்னைக் கேளுங்க.”

4

வச்சலா மேஜருக்கு ஊசி போட்டாள். அது தேறியது. குழாய் மறுபடி நீலம்.

“நான் குடுக்கிற பாகற்காய் வேலை செய்யுது பாத்தீங்களா!” என்று கணவரைப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

நேற்று அவர் கடற்கரையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தார். இன்னொன்று கழன்றதே காலுக்குத் தெரியவில்லை. மேஜர் அதைக் கவ்விவந்து போட்டது. வச்சலா விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. பாதத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார்; மரத்துப்போயிருந்தது.

விளையாட்டாய் ஆரம்பித்தேன். இப்போது எனக்கே பயமாயிருக்கிறது.

5

முடிவு ஒன்று: அவரே சொல்லிவிடுகிறார். (நான்கு தடவை எழுதினேன். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.)

முடிவு இரண்டு: மேஜர்... (சீ, வாயில்லா ஜீவன்.)

இதோ காலை. அவர் கரண்டியோடு கிளம்பிவிட்டார். வச்சலா ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைக்கிறாள். நான் சொன்னால், “கதை விடாதீங்க” என்பாள். உங்களுக்கென்ன, மூன்றாம் மனுஷர். கரண்டியில் இருப்பது யாருடையது என்று அவளிடம் சொல்லிவிடுங்களேன். சீக்கிரம். அவர் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்.