உடன் வந்தவர் பெயர்

...நாற்பது நிமிடமாக ஒருத்தன் கார் நிறுத்துவானா, ஒரு பொய்யாவது உருப்படியாகச் சொல்லத் தெரிகிறதா உனக்கு, என்று அவன் தன்னையே திட்டிக்கொண்டான், தம்பி கீழே கார் நிறுத்திக்கொண்டிருக்கிறான் என்று நர்ஸிடம் சொன்னபோது வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது, அவனுக்குத் தம்பியும் கிடையாது காரும் கிடையாது, இந்த ஊரில் அவனுக்கென்று இருப்பது ஒரு அறை, இரண்டு கம்பெனிச் சட்டை, லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை, அவ்வளவுதான். மடியில் இருந்த படிவத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியாகிவிட்டது, வயது நாற்பத்தொன்பது, தொழில் லிஃப்ட் மெக்கானிக், சர்க்கரை இல்லை, கட்டுப்பல் இல்லை, கடைசியில் ஒரே ஒரு கோடு மட்டும் வெள்ளையாகக் கிடந்தது, உடன் வந்தவர் பெயர். பேனாவை அதன் மேல் வைப்பதும் எடுப்பதுமாக இருந்ததில் அங்கே புள்ளி புள்ளியாக மை விழுந்திருந்தது. நர்ஸ் மறுபடியும் வந்தாள், "எங்க சார் உங்க தம்பி? கார நிறுத்துறாரா, இல்ல கழட்டி மடிச்சு வைக்கிறாரா?" என்றாள், பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், அவனும் சிரித்து வைத்தான், அவள் சிரிக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்த ஆளைத் தனியாக வெளியே விட மாட்டோம், கூட ஆள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் உள்ளேயே எடுப்போம், பத்தரைக்குள்ள வரலன்னா உங்க முறை போயிடும் சார், அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சுத்தான்.

ரெண்டு மாசம்... அவனுடைய அப்பாவுக்கு மொத்தமே மூன்று மாதம்தான் கிடைத்தது, முதல்நாள் ரத்தம் பார்த்ததிலிருந்து கணக்கு, ஐம்பத்தொரு வயதில் போய்ச் சேர்ந்தார், மூலமாக இருக்கும் மூலமாக இருக்கும் என்று வீடே சொல்லிக்கொண்டிருந்தது, இவனுக்கும் மூன்று வாரமாக அதே ரத்தம், அதே மூலமாக இருக்கும். நேற்று சாயங்காலத்திலிருந்து இரண்டு லிட்டர் வயிறு கழுவும் மருந்தைக் குடித்துக் குடித்து உள்ளே ஒன்றுமே இல்லாமல் போயிருந்தது, இப்போது அந்தக் காலி இடம் முழுக்கப் பயம்தான் இருக்கிறது. ஊரில் இருக்கும் மனைவியிடம் சொல்லவில்லை, சொன்னால் அவள் அழுவாள், அழுவதை ஃபோனில் கேட்டுக்கொண்டு என்ன செய்வது, மகளுக்குப் பரீட்சை நேரம் வேறு. யாரையும் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் மரியாதை என்று எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறான், நான் யார் வாசல்லயும் போய் நின்னதில்லப்பா என்று... நிற்கவில்லை சரி, அதனால் எந்த வாசலும் தெரியாமல் போய்விட்டதே, அதை என்ன சொல்வது? இத்தனை வருடத்தில் ஒரு கோட்டை நிரப்ப ஒரு பெயர் சேர்க்கவில்லை என்றால் அது மரியாதையா, வேறு ஏதாவதா?

பக்கத்து நாற்காலியில் ஒரு கணவன் மனைவி, கணவருக்கும் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் இதே பரிசோதனை, இரண்டாவது முறையாம், அந்தம்மா வந்ததிலிருந்து பேச்சை நிறுத்தவில்லை. "பயப்படாதீங்க தம்பி, வலியே தெரியாது, முழு மயக்கம்கூட இல்ல, அரை மயக்கம்தான், கேட்டா பதில் சொல்லுவாங்க, அப்புறம் ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. போன தடவ இவர வெளிய கொண்டாந்து படுக்க வச்சாங்க பாருங்க, பதினஞ்சு வருசமா எனக்குத் தெரியாம பீடி குடிச்சத ஒண்ணு விடாம எங்கிட்டயே ஒப்பிச்சுட்டாரு." "நானா எங்கடி சொன்னேன், நீ நோண்டி நோண்டிக் கேட்ட" என்றார் கணவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "நோண்டினா என்ன, உள்ள இருந்தாத்தான வரும்!" அவர்கள் இருவரும் சண்டை போடுவது மாதிரி சந்தோஷமாக இருந்தார்கள். அவன் பேனாவைச் சட்டைப்பையில் செருகினான்... கேட்டால் பதில் சொல்வார்களாமே, உள்ளே இருந்தால் வருமாமே. அதுவரைக்கும் அவன் வயிற்றுக்குள் இருப்பதற்கு மட்டும்தான் பயந்துகொண்டிருந்தான்.

ஏனென்றால் கூப்பிட்டால் வரக்கூடிய ஆள் ஒருத்தன் இருந்தான், அதுதான் விஷயம், யாருமே இல்லை என்று இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்ததும் ஒரு பொய்தான், கார் பொய்யைவிடக் கொஞ்சம் பெரிய பொய். பதினோரு வருடம் ஜோடியாக வேலை பார்த்தவன், இவன் அவனைப் பங்காளி என்பான், அவன் இவனைப் பங்காளி என்பான், ரத்த உறவு எதுவும் கிடையாது, ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டு வந்த பழக்கம். லிஃப்ட் வேலையில் ஜோடி என்றால் ஒருத்தன் உயிர் இன்னொருத்தன் கையில், ஒருத்தன் லிஃப்ட் கூண்டின் தலையில் ஏறி நின்று வேலை பார்ப்பான், இன்னொருத்தன் மேலே மெஷின் ரூமில் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு அதற்குப் பூட்டுப் போட்டுக் காவல் நிற்பான், கயிறு இறங்கும் துளை வழியாக "போடவா?" என்று கத்துவான், கீழிருந்து "வெளிய வந்துட்டேன், போடு!" என்று குரல் வந்த பிறகுதான் கை சுவிட்சுக்குப் போக வேண்டும். பதினோரு வருடம் அந்தக் குரல் வந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தில், கூண்டின் தலையில் இருக்கிற நிறுத்தும் சுவிட்சையே பங்காளி கழற்றி மாற்றிக்கொண்டிருந்தான், ஆக அவனுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு மேலே இவன்தான், இவன் பூட்டுப் போடவில்லை, அஞ்சு நிமிட வேலைதானே, மகள் ஃபோனில் கூப்பிட்டாள், பேசிக்கொண்டே "போடவா?" என்று கத்தினான்... கை சுவிட்சுக்குப் போய்விட்டது. பதில் வருவதற்கு முன்னால் கை போய்விட்டது. பதில் வருமென்று காதுக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருந்ததால் கை காத்திருக்கவில்லை. கீழிருந்து வந்தது வேறு சத்தம்.

பங்காளி உயிர் பிழைத்தான், தோள்பட்டைதான் நொறுங்கியது, இடது கை இன்றுவரை காதுக்கு மேலே போகாது. மேலாளர் கேட்டபோது, அவன் வெளிய வந்துட்டேன்னு குரல் கொடுத்தான் சார், என் காதால கேட்டேன், என்று இவன் சொன்னான், வேலை போய்விடும், ஊருக்கு என்ன முகத்தோடு போவது என்பது மட்டும்தான் அப்போது தலையில் இருந்தது. அதையாவது மன்னிக்கலாம், பயத்தில் வந்தது. ஆனால் மறுநாள் ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்ட தோளோடு படுத்திருந்த பங்காளி, "அடிபட்டதுல ஒண்ணுமே ஞாபகம் வரல பங்காளி, நான் போடுன்னு சொன்னேனா?" என்று கேட்டான், நிஜமாகவே கேட்டான், இவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு "சொன்ன" என்றான். ஒரு சொல். அதற்குப் பங்காளி என்ன சொன்னான் தெரியுமா, இவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அடப்பாவமே, உனக்கு எப்பிடிப் பதறியிருக்கும்" என்றான்... இப்போது அவன் உதிரிபாகக் கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுக்கிறான், புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடமெல்லாம், என்னைய மாதிரி வாய்க்கு வந்ததக் கத்திராதீங்கடா, வெளிய வந்துட்டு அப்புறம் கத்துங்க, என்று தன்னையே பாடமாக வைத்துச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறானாம். இவன் அந்தக் கிடங்குப் பக்கம் போவதில்லை, சாமான் வேண்டுமென்றால் வேறு ஆளை அனுப்புவான். பங்காளி எத்தனையோ முறை வீட்டுக்குக் கூப்பிட்டான், வேலை இருக்கு, உடம்பு சரியில்ல, இன்னொரு நாள்... நாலு வருடமாக இன்னொரு நாள்.

அவனைக் கூப்பிட்டு, அரை மயக்கத்தில் படுத்துக்கொண்டு, அவனையே பக்கத்தில் உட்கார வைப்பதா? அவன் விளையாட்டாக எதையாவது கேட்டு, இவன் வாய் பாட்டுக்குத் திறந்துகொண்டால்? கூப்பிடாவிட்டால் ரெண்டு மாசம், அப்பாவின் மூன்று மாதத்தில் ஒன்று ஏற்கெனவே முடியப்போகிறது. சுவர்க் கடிகாரம் பத்து பத்து. நர்ஸ் தூரத்தில் நின்று இவனைப் பார்த்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். விரல் தானாக அந்த எண்ணுக்குப் போனது, பங்காளி ஒரே மணியில் எடுத்தான். "பங்காளி! என்னடா அதிசயம், எங்க இருக்க?" ஆஸ்பத்திரி என்றான், பெயரையும் சொன்னான். "எந்த மாடி?" மூணு. "வர்றேன். ஆமா, என்னத்துக்கு?" வயிறு, குழாய் விட்டுப் பார்க்கப்போறாங்க. "மேல இருந்தா, கீழ இருந்தா?" கீழ இருந்து. "அது சரி, உன் வாயத் தொறக்க வைக்கிறது கஷ்டம்னு அவங்களுக்கும் தெரிஞ்சு போச்சு" என்றான். இவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் நிறைந்தது, உடனே பயமும் வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது.

பதினைந்து நிமிடத்தில் கிடங்குச் சட்டையோடு, மூச்சு வாங்க வந்து நின்றான், கொஞ்சம் வழுக்கை விழுந்திருந்தது, இடது தோள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது, ஏன் கூப்பிடவில்லை, ஏன் இத்தனை நாள் என்று எதுவும் கேட்கவில்லை, படிவத்தை வாங்கி, மைப்புள்ளிகளைப் பார்த்து, "என்னடா, கோலி விளையாடி வச்சிருக்க" என்று சொல்லிவிட்டு அவற்றின் மேலேயே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டான். இவர்தான் தம்பியா என்று நர்ஸ் கேட்டாள், "தம்பியா? என்னைவிட இவன் மூணு மாசம் சின்னவன் சிஸ்டர்" என்றான், பொய் அம்பலமானதை யாரும் கண்டுகொள்ளவில்லை. உள்ளே பச்சைத் துணி, சில்லென்ற மேசை, இடது பக்கமாகப் படுங்க சார், முழங்காலை மடக்குங்க... கையில் ஊசி ஏறும்போது இவன் பல்லைக் கடித்துக்கொண்டான், வாயைத் திறக்காதே, வாயைத் திறக்காதே, கதவுக்கு அந்தப் பக்கம் அவன் இருக்கிறான், எதையும் சொல்லிவிடாதே... மேலே இருந்த விளக்கு இரண்டாகியது, நாலாகியது...

கண் திறந்தபோது ஒரு திரை, அதற்குப் பக்கத்தில் நாற்காலி, நாற்காலியில் பங்காளி, மடியில் இவனுடைய ஷூ இரண்டையும் வைத்துக்கொண்டு. முடிஞ்சிருச்சா என்று இவன் கேட்டான், நாக்கு மரக்கட்டையாக இருந்தது. "எப்பவோ. டாக்டர் வந்து பேசிட்டே போயிட்டாரு, நீயும் பெரிய மனுசன் மாதிரி தலைய ஆட்டின." சின்னக் கட்டி ஒன்று இருந்ததாம், அங்கேயே கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம், பத்து நாளில் தெரியுமாம். இவன் அதைக் கேட்டான், ஆனால் காது அதில் இல்லை. "நான்... ஏதாச்சும் பேசினேனா?" "பேசினியாவா? வாயே மூடல." நெஞ்சு ஒரு மாடி இறங்கி நின்றது. "என்ன பேசினேன்?" "மூணாவது மாடிக் கதவு உரசுது, கிரீஸ் எடுத்துட்டு வான்னு நர்ஸம்மாவ வெரட்டின. அதுவும் சரிங்க சார்ன்னுச்சு. அப்புறம் உம் பொண்ணக் கூப்பிட்ட. அப்புறம் குறட்டை." "வேற?" "வேற என்ன?" "வேற ஒண்ணும் சொல்லலயா... உன்னப் பத்தி?" "என்னைப் பத்தியா? என்னைப் பத்திச் சொல்ல என்னடா இருக்கு."

அந்த முகத்தை இவன் பார்த்தான், உற்றுப் பார்த்தான், எதையும் மறைத்த முகமாகத் தெரியவில்லை, மறைத்திருந்தாலும் இவனுக்குத் தெரிந்திருக்காது, நாலு வருடமாகப் பார்க்காத முகம். அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இல்லை... உள்ளே ஏதோ ஏமாந்துபோய் உட்கார்ந்தது, கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போன மாதிரி, அப்போதுதான் இவனுக்கு உறைத்தது, பக்கத்து நாற்காலி அம்மா பேசியதிலிருந்து தான் பயந்துகொண்டிருந்ததையேதான் அப்போதிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறான், மருந்து சொல்லிவிடும், தான் சொல்ல வேண்டியிருக்காது என்று. திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் குரல், இன்னைக்கு முழுக்க வண்டி ஓட்டக்கூடாது, முக்கியமான முடிவு எதுவும் எடுக்கக்கூடாது, எதுலயும் கையெழுத்துப் போடக்கூடாது, சொல்லிருங்க சார்... முடிவு எடுக்கக்கூடாது என்ற அந்த வார்த்தையை இவன் மனசு ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டது, ஆமாம், இன்றைக்கு வேண்டாம், தெளிந்த பிறகு, ஒரு இன்னொரு நாள்... எவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொண்டது என்பதைப் பார்த்து இவனுக்கே கூச்சமாக இருந்தது. பங்காளி தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலது கையால் ஷூவை மாட்டிவிட்டு, லேஸைக் கட்ட இடது கையை இழுத்துக்கொண்டு வந்தான், "காலக் கொஞ்சம் தூக்குடா, மகாராசா" என்றான், பிறகு குனிந்தபடியே, "பயமா இருக்கா?" என்றான். இருக்கு என்றான் இவன். "பத்து நாள்தான, பார்த்துக்கலாம், நான் வர்றேன் ரிசல்ட்டு வாங்க." "அதில்ல" என்றது இவன் வாய், மயக்கத்தில் இல்லை, நல்ல தெளிவோடு. பங்காளி லேஸைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தான். "அப்ப எது?"